நானும் நாங்களும்: கரிசல் புனைகதையில் தன்னிலையின் வரலாறு

ஏழாயிரம்பண்ணையில் பேருந்தைவிட்டு இறங்கித் தேநீர்க் கடையில் நிற்கும் வெளியூர்க்காரரிடம் முதலில் கேட்கப்படுவது அவருடைய பெயர் அன்று. "தம்பிக்கு எந்த ஊரு?" என்பார்கள். ஊரைச் சொன்னால் "யாரு வீட்டுப் பிள்ளை?" என்பது அடுத்த கேள்வி. அதற்கும் விடை கிடைத்துவிட்டால் "எந்தத் தெரு?" என்று மூன்றாவது கேள்வி வரும். கேட்பவரின் குரலில் பெரும்பாலும் பிரியம்தான் இருக்கும். ஆயினும் மூன்றாவது கேள்விக்கு விடை சொல்வது எல்லோருக்கும் ஒரே அளவு எளிதாக இருப்பதில்லை. நம் கிராமங்களில் தெருவின் பெயரைச் சொன்னால் சாதியைச் சொன்னதாகிவிடும்.

தன்னிலை, அடையாளம், சுயம் ஆகியவை குறித்து நமது சிற்றிதழ்களில் எழுதப்படும் கட்டுரைகள் ஏதேனும் ஓர் ஐரோப்பியச் சிந்தனையாளரின் பெயரோடு தொடங்குவது வழக்கம். நாங்கள் இந்தத் தேநீர்க் கடையிலிருந்து தொடங்க விரும்புகிறோம். சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டி என்னும் மூன்று ஊர்களுக்கு நடுவே கிடக்கும் இந்தக் கரிசல் வட்டாரமும் அதன் சுற்றுப்புறமும், 'நான் யார்' என்ற கேள்வியைத் தமிழ்ப் புனைகதையில் மிகக் கூர்மையாக எழுப்பிய நிலப்பரப்புகளுள் ஒன்று என்பது எங்கள் கருத்து.

தமிழில் தன்மைப் பன்மைக்கு இரு சொற்கள் உண்டு. கேட்பவரையும் சேர்த்துக்கொள்வது 'நாம்'. கேட்பவரை வெளியே நிறுத்துவது 'நாங்கள்'. பல மொழிகளுக்கு இந்த வசதி கிடையாது. ஆங்கிலக்காரர் இரண்டையும் ஒரே சொல்லால் சொல்லிக் கடந்துவிட முடியும். தமிழில் எழுதுகிறவர் ஒவ்வொரு முறையும் தேர்ந்தெடுத்தாக வேண்டும். கரிசல் எழுத்தின் கடந்த அரை நூற்றாண்டை இத்தேர்வின் வரலாறாக வாசிக்கலாம் என்று தோன்றுகிறது.

முதலில் இந்நிலத்தின் பெயர் வரலாற்றைச் சற்று நினைவுபடுத்திக்கொள்வோம். வீரபாண்டிய கட்டபொம்மனோடு அணிசேர்ந்த பாளையங்களுள் ஏழாயிரம்பண்ணையும் ஒன்று. 1799இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட பிறகு கும்பினி அரசு இப்பாளையத்தையும் பறிமுதல் செய்தது. சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1899 ஜூன் மாதம், கோயில் நுழைவை ஒட்டி எழுந்த பகை 'சிவகாசிக் கொள்ளை'யாக வெடித்தது. தாக்கப்பட்ட சமூகம் 1910இல் நாடார் மகாஜன சங்கத்தை நிறுவியது. அரசாங்கப் பதிவேடுகளில் தன் பெயர் 'நாடார்' என்றே எழுதப்பட வேண்டும் என்று போராடி 1921இல் வென்றது. ஒரு சமூகம் தன் பெயரைத் தானே எழுதிக்கொண்ட நிகழ்வு அது. தீப்பெட்டித் தொழில் சிவகாசியில் வேரூன்றியதும் அதே 1920களில்தான்.

பெயர்ப் போராட்டம் அத்தோடு முடியவில்லை. 1985இல் பழைய இராமநாதபுரம் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது இப்பகுதி காமராஜர் மாவட்டம் ஆயிற்று. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டது. அப்பேருந்துகளில் ஏற மறுத்தவர்கள் இருந்தார்கள். கலவரம் மூண்டது. முடிவில் தமிழகம் முழுவதும் மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டன. பேருந்தின் பக்கவாட்டில் எழுதப்பட்ட ஒரு பெயரைத் தாங்க முடியாத நிலத்தில் 'அடையாளம்' என்பது கோட்பாட்டுச் சொல்லாக மட்டும் இருக்க இயலாது.

இந்நிலத்தைப் புனைவுக்குள் முழு உரிமையோடு கொண்டுவந்தவர் கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவலின் கி. ராஜநாராயணன் (1923-2021). 1976இல் வெளிவந்த 'கோபல்ல கிராமம்' ஒரு கூட்டுத் தன்னிலையின் கதை. தெலுங்கு தேசத்திலிருந்து தப்பியோடி வந்து காடு திருத்தி ஊர் அமைத்த மக்களின் நினைவு, மங்கத்தாயாரு அம்மாள் என்ற மூதாட்டியின் வழியாக வாசகனுக்கு வந்து சேர்கிறது. தனிமனிதனின் அகம் அங்கே கதையின் மையத்தில் இல்லை. 'நாங்கள் இப்படித்தான் வந்தோம்' என்று சொல்லும் ஓர் இனக்குழுவே நாயகன். வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசும் மக்களின் கதை, கரிசல் தமிழின் மிகச் செழுமையான உரைநடையாக மலர்ந்தது. ஒருவர் இரு அடையாளங்களோடு ஒரு மண்ணுக்கு முழுமையாக உரியவராக இருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

ஆனால் அந்த 'நாங்க'ளுக்குள் வராதவர்கள் அதே நிலத்தில் இருந்தார்கள். அவர்களுடைய கதையை எழுத வந்தவர் பூமணி. 1979இல் வெளிவந்த 'பிறகு' நாவலின் நாயகர் செருப்புத் தைக்கும் அழகிரி. 1982இல் 'வெக்கை' வந்தது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' வெளிவந்திருந்தது. இவ்விரு நூல்களையும் அடுத்தடுத்து வாசிப்பது பயனுள்ள அனுபவம். ஜே.ஜே. நாட்குறிப்பு எழுதுகிறான், தன்னைத் தானே ஓயாமல் விசாரிக்கிறான். 'வெக்கை'யின் சிதம்பரத்துக்கு வயது பதினைந்து. அண்ணனைக் கொன்றவனைப் பழிதீர்த்துவிட்டுத் தகப்பனோடு காட்டுக்குள் ஒளிந்து திரிகிறான். 'நான் யார்' என்று கேட்டுக்கொள்ள அவனுக்கு அவகாசமே இல்லை. பசிக்கிறது, தாகமெடுக்கிறது, தங்கையின் நினைவு வருகிறது, கையில் நாட்டு வெடிகுண்டு இருக்கிறது. பூமணி அவனுடைய சாதியின் பெயரை எங்கும் சொல்லவில்லை. அதை மழுப்பல் என்று கருதியவர்கள் உண்டு. நாங்கள் அவ்வாறு கருதவில்லை. தேநீர்க் கடையின் மூன்றாவது கேள்விக்கு விடை சொல்ல மறுக்கும் உரிமையை அந்தப் பையனுக்கு நாவலாசிரியர் வழங்கியிருக்கிறார். வாசகன் அவனை முதலில் பிள்ளையாகத்தான் அறிய முடியும். 2019இல் இந்நாவலைத் தழுவி வந்த 'அசுரன்' திரைப்படம், நாவல் சொல்லாமல் விட்ட சமூக வரலாற்றை முன்கதையாக வெளிப்படச் சொன்னது. இரு வழிகளுக்கும் அவற்றின் நியாயம் உண்டு.

பெயர் சொல்லாமையின் வலிமை 'வெக்கை' என்றால், பெயர் சொல்லுதலின் வலிமை 'கருக்கு'. விருதுநகர் மாவட்டம் புதுப்பட்டியில் பிறந்த பாமா, கன்னியர் மடத்தைவிட்டு வெளியேறிய பின் எழுதிய இந்நூல் 1992இல் வெளிவந்தது. மராத்தியில் தயா பவாரின் 'பலுதா' (1978), லட்சுமண் மானேயின் 'உபரா' (1980), சரண்குமார் லிம்பாலேயின் 'அக்கர்மாஷி' (1984) என்று தலித் தன்வரலாறுகள் ஒரு பேரலையாக எழுந்து பத்தாண்டுகள் கடந்த பிறகே தமிழில் அத்தகைய 'நான்' ஒலித்தது. தாமதமாக வந்தாலும் அது தன் சொந்த மொழியோடு வந்தது. பேச்சில் மட்டுமன்றிக் கதைசொல்லலிலும் சேரி வழக்கையே பாமா கையாண்டார். இலக்கணத் தமிழ் எழுதத் தெரிந்த ஆசிரியை ஒருவர் அதை வேண்டாமென்று ஒதுக்கிவைத்த அச்செயலே ஒரு தன்னிலைப் பிரகடனம்.

அந்நூலில் ஒரு சிறு நிகழ்ச்சி வருகிறது. படித்த அண்ணன் நடந்து வரும்போது ஒருவர் மரியாதையாக நிறுத்திப் பெயரைக் கேட்கிறார். பெயரிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. உடனே, எந்தத் தெரு என்று கேட்கிறார். எங்கள் கட்டுரையின் தொடக்கத்தில் உள்ள அதே கேள்வி! படிப்பும் பட்டமும் தந்த பெயரைத் தெருவின் பெயர் ஒரு நொடியில் அழித்துவிடும் என்பதை அந்த இளைஞர் அறிவார். கேட்டுக்கொண்டிருக்கும் தங்கையும் அன்று அறிந்துகொள்கிறாள்.

'கருக்கு'வின் 'நான்' அடிக்கடி 'நாங்கள்' ஆகிவிடுகிறது. அவளுடைய பசி தெருவின் பசி. அவளுடைய அவமானம் தெருவின் அவமானம். ஆனால் இந்தப் பன்மைக்கு ஒரு விலை இருந்தது. நூல் வெளிவந்தபோது ஊர் மக்களிலேயே பலர் சினமுற்றதையும், சில மாதங்கள் ஊருக்குள் செல்ல இயலாமற்போனதையும் பாமாவே பின்னாளில் கூறியிருக்கிறார். எவர் சார்பில் 'நாங்கள்' என்று எழுதினாரோ அவர்களே, 'எங்களைப் பற்றிச் சொல்ல உனக்கு யார் அனுமதி கொடுத்தது?' என்று கேட்ட தருணம் அது. பின்னர் அம்மக்களே அந்நூலைத் தங்களுடையதாக ஏற்றுக்கொண்டார்கள். தன்னிலை எழுத்தின் மிகக் கடினமான சிக்கல் இதுதான். ஒருவர் தன்னை மட்டும் எழுத முடியாது. தன்னை எழுதும்போது தன் மக்களையும் காட்டிக்கொடுக்க நேர்கிறது.

பாமாவின் தமையனாரும் திறனாய்வாளருமான ராஜ் கௌதமன் (1950-2024) அச்சிக்கலுக்கு வேறொரு வழி கண்டார். 2002இல் வெளிவந்த 'சிலுவைராஜ் சரித்திரம்' பெரிதும் அவருடைய சொந்த வாழ்க்கையே. ஆனால் அது 'அவன்' என்றே எழுதப்பட்டிருக்கிறது. தன்னைப் படர்க்கையில் நிறுத்திக்கொண்டதும் ஆசிரியருக்குத் தன்னைப் பார்த்தே சிரிக்கும் சுதந்திரம் கிடைத்துவிடுகிறது. ஒரே வீட்டில் பிறந்த இருவரில் தங்கை தழுதழுத்துச் சொன்னதை அண்ணன் எள்ளலோடு சொல்கிறார். சிரிப்புக்கு அடியில் ஓர் அரசாணை கிடக்கிறது. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணைப்படி, கிறிஸ்தவராக உள்ள தலித்துக்குப் பட்டியல் சாதிச் சலுகை கிடையாது. தெருவில் சாதி விடுவதில்லை. சான்றிதழிலோ மதம் தடுக்கிறது. வேலைக்காக மதத்தை மாற்றிக்கொள்வதா என்ற சிலுவையின் கேள்வி ஆன்மிகக் கேள்வியாகவும் வட்டாட்சியர் அலுவலகக் கேள்வியாகவும் ஒருங்கே இருக்கிறது. நவீன மனிதனின் அடையாளச் சிக்கலைத் தமிழில் இவ்வளவு சிரிப்போடும் வலியோடும் சொன்ன நாவல்கள் மிகச் சிலவே.

1990களில் தலித் இலக்கியம் என்னும் வகைமை வலுப்பெற்றபோது இதே வட்டாரத்திலிருந்து மறுப்புக் குரல்களும் எழுந்தன. பூமணி அந்த அடைமொழியை ஏற்கவில்லை. 'தூர்வை' (1996), 'கூகை' (2005), 'சூல்' (2016) ஆகிய நாவல்களை எழுதிய உருளைகுடி சோ. தர்மன், தம்மைத் தலித் எழுத்தாளர் என்று வகைப்படுத்துவதை வெளிப்படையாகவே எதிர்த்தார். எழுத்தாளர் என்ற பெயருக்கு முன்னால் ஒரு தெருப் பெயரைப் போடுவதாகவே அவர்கள் அதைக் கண்டார்கள் போலும். மறுபுறம், அந்த அடைமொழியைப் பெருமையோடு சூடிக்கொண்ட பாமாவின் நியாயமும் சிறியதன்று. பிறர் இட்ட பெயரை மறுப்பதும், இழிவாக வழங்கிய பெயரைத் தானே எடுத்து உயர்த்திப் பிடிப்பதும் ஒரே விடுதலையின் இரு பாதைகள் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

மூன்றாவது பாதை ஒன்றும் உண்டு. மேலாண்மறைநாடு என்ற சிற்றூரில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, சிறு கடை நடத்திக்கொண்டே நூற்றுக்கணக்கான கதைகள் எழுதியவர் மேலாண்மை பொன்னுச்சாமி (1951-2017). 'மின்சாரப்பூ' தொகுப்புக்காக 2007இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றார். அறியாதவர்கள் 'மேலாண்மை'யை நிர்வாகம் என்று பொருள்கொள்வார்கள். அது அவருடைய ஊர். 'எந்த ஊரு?' என்ற முதல் கேள்விக்கு விடையைப் பெயரிலேயே வைத்துக்கொண்டு, அடுத்த கேள்விகளுக்கு இடமில்லாமல் செய்துவிட்டார்.

2012இல் பூமணி 'அஞ்ஞாடி'யை எழுதினார். ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் அந்நாவல் கழுகுமலைக் கலவரத்தையும் சிவகாசிக் கொள்ளையையும் உள்ளடக்கியது. 2014இல் சாகித்ய அகாதெமி விருது அதற்குக் கிடைத்தது. இவ்வளவு குருதி ஓடும் வரலாற்றை அவர் ஆண்டி, மாரி என்னும் இரு சிறுவர்களின் நட்பிலிருந்து தொடங்கினார். ஒருவன் உழுகுடி, மற்றவன் வெளுப்பவர் வீட்டுப் பிள்ளை. தாக்கியவர், தாக்கப்பட்டவர், தப்பியோடியவர் என எல்லாத் தெருக்களின் நினைவும் ஒரே நாவலுக்குள் வந்து அமர்கிறது. கரிசல் எழுத்து 'நாங்க'ளிலிருந்து 'நா'மை நோக்கி வைத்த மிகப் பெரிய எட்டு இது.

எனினும் அந்த 'நாம்' இன்னும் நிறைவடையவில்லை. பாமாவின் 'சங்கதி'யில் (1994) தீப்பெட்டியாபீசுக்குப் போகும் மைக்கண்ணி என்ற சிறுமி வருகிறாள். தீப்பெட்டித் தொழிலின் குழந்தைகளைப் பற்றிப் பூமணி 'கருவேலம் பூக்கள்' (2000) என்ற திரைப்படத்தையே இயக்கினார். அத்தலைமுறைக் குழந்தைகள் வளர்ந்து, இன்று பட்டாசு ஆலைகளில் மருந்து அடைக்கிறார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று ஏழாயிரம்பண்ணையை அடுத்த அச்சங்குளத்தில் நிகழ்ந்த வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மறுநாள் நாளிதழ்களில் அவர்கள் ஓர் எண்ணிக்கையாக இருந்தார்கள். பல தெருக்களைச் சேர்ந்தவர்கள் ஒரே அறையில் அமர்ந்து செய்த வேலை அது. நெருப்பு எவரிடமும் தெருவைக் கேட்கவில்லை. இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது மட்டும் எல்லா விவரங்களும் கேட்கப்பட்டிருக்கும். மைக்கண்ணியைப் பாமா எழுதினார். மைக்கண்ணி தன்னைத் தானே எழுதும் நாவலுக்காக நாங்கள் காத்திருக்கிறோம்.

இக்கட்டுரை முழுவதும் எங்களை 'நாங்கள்' என்றே குறிப்பிட்டு வந்தோம். சேர்ந்து படிக்கும் சில நண்பர்களுக்கு அது வசதியான சொல். இந்த எழுத்தாளர்களை மீண்டும் வாசித்து முடித்த பிறகு அது அவ்வளவு வசதியாக இல்லை. அவர்கள் ஒவ்வொருவரும் அச்சொல்லுக்காக ஏதோ ஒன்றை இழந்திருக்கிறார்கள். நாங்கள் அதை இலவசமாகப் பெற்றுக்கொண்டோம். அடுத்த முறை ஏழாயிரம்பண்ணையில் தேநீர் அருந்தும்போது யாரேனும் எந்தத் தெரு என்று கேட்டால், எங்களுள் சிலர் தயங்குவோம், சிலர் தயங்க மாட்டோம். அந்த வேறுபாடு எங்களுக்குள்ளேயே மறையும்வரை, 'நாம்' என்று எழுத எங்களுக்கும் கை வராது.