வடசென்னையும் மிதிவண்டித் தடமும்

மிதிவண்டித் தடம் என்பது சாலையில் மிதிவண்டிகளுக்கு மட்டும் ஒதுக்கப்பட்ட பாதை. சில ஊர்களில் அது தரையில் இழுத்த வண்ணக்கோடாக இருக்கும். சில ஊர்களில் விளிம்புக்கல்லோ கம்பித் தடுப்போ வைத்து மோட்டார் வாகனங்களிலிருந்து பிரித்திருப்பார்கள். சென்னையில் இதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் மெரினா கடற்கரைச் சாலை, பெசன்ட் நகர், அண்ணா நகர் ஆகிய பகுதிகளைச் சுற்றியே நடக்கிறது. உடற்பயிற்சிக்காக விடியற்காலையில் மிதிவண்டி ஓட்டுபவர்களே அந்தப் பேச்சின் நாயகர்கள். ஆனால் இந்நகரில் பிழைப்புக்காக மிதிவண்டி ஓட்டியவர்கள் மிகுதியாக இருந்த பகுதிகளில் ஒன்று இராயபுரத்திலிருந்து தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் தொழிற்சாலைப் பகுதி. தடம் தேவைப்பட்ட காலத்தில் அங்கே அது போடப்படவில்லை. போட வேண்டும் என்ற கொள்கை வந்தபோது மிதிவண்டி ஓட்டியவர்களில் பலர் வேறு வண்டிக்கு மாறியிருந்தார்கள்.

ஆலைகளும் ஷிப்டும்

வடசென்னையின் தொழில் வரலாறு இரயிலோடும் துறைமுகத்தோடும் தொடங்குகிறது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்குப் புறப்பட்டது. 1870-களின் நடுவில் செயற்கைத் துறைமுகத்தின் கட்டுமானம் தொடங்கியது. அதே காலத்தில் பெரம்பூரில் பக்கிங்ஹாம் ஆலையும், தொடர்ந்து கர்நாடிக் ஆலையும் எழுந்தன. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களுள் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-ல் இந்த ஆலைத் தொழிலாளர்களிடையே உருவானது.

திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதியின் பெருக்கம் விடுதலைக்குப் பிறகு வேகமெடுத்தது. விம்கோ தீப்பெட்டி ஆலை முன்பே இருந்தது. 1946-ல் திருவொற்றியூரில் ஒரு சிறிய கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கிய கே.எம். மாம்மன் மாப்பிள்ளையின் தொழில் பின்னர் எம்.ஆர்.எஃப். டயர் நிறுவனமாக வளர்ந்தது. 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் கார்களைப் பூட்டிப் பின்னர் லாரிகளுக்கு மாறி, 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. கார்போரண்டம் யுனிவர்சல், கே.சி.பி. போன்ற ஆலைகளும் 1950-களில் வந்தன. 1969-ல் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும், 1970-ல் எண்ணூர் அனல்மின் நிலையமும் இயங்கத் தொடங்கின.

1955-ல் உருவான என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். அதன் தாய் நிறுவனமான இங்கிலாந்தின் ரெட்டிச் நகரக் கம்பெனியின் பெயரே என்ஃபீல்டு சைக்கிள் கம்பெனி. மிதிவண்டி செய்து வளர்ந்த நிறுவனம் திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் செய்தது. அதைச் செய்த தொழிலாளர்களில் பலருக்கு மிதிவண்டிதான் வாகனம்.

மிதிவண்டி இந்தப் பகுதிக்கு இவ்வளவு பொருந்தியதற்குக் காரணங்கள் எளியவை. நிலம் மேடுபள்ளம் இல்லாத கடற்கரைச் சமவெளி. தொழிலாளர் குடியிருப்புகள் ஆலையிலிருந்து இரண்டு மூன்று மைல் தொலைவில் அமைந்திருந்தன. ஆலைச் சங்கு ஊதும் நேரம் பேருந்து வரும் நேரத்துக்கு ஒத்துவராது. இரவு ஷிப்டு முடிந்து வருபவருக்குப் பேருந்தே கிடையாது. சென்னையின் டிராம் வண்டிகள் 1953 ஏப்ரலில் நின்றுபோயின. கடற்கரை நிலையத்திலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் இரயில் தடம் உதவியது என்றாலும், நிலையத்திலிருந்து ஆலை வாசலுக்கு மீண்டும் நடக்க வேண்டும். மிதிவண்டி வீட்டு வாசலில் தொடங்கி ஆலை வாசலில் முடிந்தது.

வண்டியும் உள்ளூரிலேயே கிடைத்தது. முருகப்பா குழுமம் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது. அம்பத்தூர் ஆலையிலிருந்து ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. மிதிவண்டிகள் வந்தன. அதற்கு முன் இறக்குமதி வண்டிகளே பெரும்பாலும் ஓடின. மாதச் சம்பளத்தில் தவணை கட்டி ஒரு வண்டி வாங்குவது ஆலைத் தொழிலாளியின் முதல் பெரிய கொள்முதலாக இருந்தது. சொந்த வண்டி இல்லாதவர்களுக்கு மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் சைக்கிள் கடைகள் இருந்தன. கேரியரில் தூக்குச்சட்டி, முன் விளக்குக்கு டைனமோ, விளக்கில்லாமல் போனால் போலீஸ்காரரிடம் அபராதம், 'டபுள்ஸ்' போனாலும் அபராதம். அரசு மிதிவண்டியை நினைத்துக்கொண்டது பெரும்பாலும் இந்த அபராதங்கள் வழியாகத்தான்.

1962-ன் விதி

மிதிவண்டித் தடம் என்ற எண்ணம் அப்போது இந்தியப் பொறியாளர்களுக்குப் புதிதல்ல. பிரிட்டனின் முதல் தனி மிதிவண்டித் தடம் இலண்டனின் வெஸ்டர்ன் அவென்யூ சாலையில் 1934 டிசம்பரில் திறக்கப்பட்டது. போக்குவரத்து அமைச்சர் லெஸ்லி ஹோர் பெலிஷா அதைத் திறந்துவைத்தார். அந்நாட்டு மிதிவண்டியாளர் சங்கமே அதை எதிர்த்தது என்பது இன்று படிக்க விநோதமாக இருக்கும். தடம் போட்டுக்கொடுத்துவிட்டுப் பொதுச் சாலையிலிருந்து தங்களை வெளியேற்றிவிடுவார்கள் என்று அவர்கள் அஞ்சினார்கள். அந்த அச்சத்தில் நியாயம் இருந்தது.

இந்திய சாலைகள் காங்கிரஸ் 1962-ல் மிதிவண்டித் தடங்களுக்கான வடிவமைப்பு நெறிமுறையை வெளியிட்டது. 'ஐ.ஆர்.சி. 11' என்பது அதன் எண். நெரிசல் நேரத்தில் மணிக்கு 400 மிதிவண்டிகள் செல்லும் சாலையில், மோட்டார் வாகனங்கள் மணிக்கு 100 முதல் 200 வரை இருந்தால், தனித்தடம் அமைக்கலாம் என்றது. மோட்டார் வாகனங்கள் 200-ஐத் தாண்டினால் 100 மிதிவண்டிகளே போதும். தடத்தின் குறைந்தபட்ச அகலம் 2 மீட்டர்.

இந்த எண்களைத் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் வைத்துப் பார்த்தால் விடை உடனே தெரியும். பெரிய ஆலை ஒன்றின் ஒரு ஷிப்டு விடும்போதே 400 மிதிவண்டிகள் வாசலைக் கடந்துவிடும். விதி கட்டாயச் சட்டமாக இல்லாமல் பரிந்துரையாக இருந்ததும், மிதிவண்டியை விரைவில் மறையப்போகும் ஏழைகளின் வண்டியாகத் திட்டமிடுபவர்கள் பார்த்ததும்தான் தடம் அமையாமல் போனதற்குக் காரணங்கள் என்று கருத இடமுண்டு. 1970-ல் சென்னையில் நடந்த பயணங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று மிதிவண்டியில் நடந்தது. மோட்டார் இருசக்கர வண்டியின் பங்கு 2 விழுக்காட்டுக்கும் குறைவு. நகரின் சாலைகள் அந்தக் கணக்குக்கு ஏற்ப அமைக்கப்படவில்லை.

நெதர்லாந்து இதற்கு மாறான எடுத்துக்காட்டு. அங்கும் 1950-களிலும் 60-களிலும் கார்கள் பெருகி மிதிவண்டிகள் ஒதுக்கப்பட்டன. 1970-களின் தொடக்கத்தில் சாலையில் குழந்தைகள் இறப்பதை எதிர்த்துப் பெற்றோர்கள் வீதிக்கு வந்தார்கள். 1973-ல் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. மிதிவண்டி ஓட்டுபவர்கள் இன்னும் சாலையில் இருக்கும்போதே அங்கே தடங்கள் வந்தன.

கடல் தின்ற சாலை

வடசென்னையில் தடம் போட இடமே இல்லை என்பது அடிக்கடி சொல்லப்படும் பதில். அது பாதி உண்மை. இந்த இடமின்மைக்கும் ஒரு வரலாறு உண்டு.

சோழமண்டலக் கரையில் அலைகள் ஆண்டு முழுவதும் கணக்குப் பார்த்தால் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் அந்த மணலை மறித்தன. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே மணல் வரத்து நின்று இராயபுரம் முதல் கரை அரிக்கப்பட்டது. தென்பகுதிக்கு உலாவும் கடற்கரை கிடைத்தது. வடபகுதியில் மீனவர் தெருக்கள் கடலுக்குள் போயின. பாறாங்கற்களைக் கொட்டித்தான் கரையைக் காக்க வேண்டியிருந்தது. எண்ணூர் விரைவு சாலை இந்தக் கற்சுவரை ஒட்டியே ஓடுகிறது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் குடியிருப்பும் ஆலைச் சுவரும் என்பதால் சாலை அகல வழியில்லை.

அந்தக் குறுகிய சாலையில்தான் கன்டெய்னர் வந்து சேர்ந்தது. கன்டெய்னர்களுக்கென்றே தனி முனையம் இந்தியாவில் முதலில் அமைந்தது சென்னைத் துறைமுகத்தில், 1983 டிசம்பரில். அதுவரை துறைமுகச் சரக்கின் பெரும்பகுதி மூட்டைகளிலும் பெட்டிகளிலும் வந்து போனது. இப்போது 20 அடி, 40 அடி இரும்புப் பெட்டியைச் சுமந்த டிரெய்லர்கள் மணலி, மாதவரம் பக்கத்துச் சரக்கு நிலையங்களுக்கும் துறைமுகத்துக்கும் இடையே ஓடின. 2001-ல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது. பின்னர் அது காமராசர் துறைமுகம் எனப் பெயர் பெற்றது. துறைமுகத்தின் 'ஜீரோ கேட்' திறக்கக் காத்து, டிரெய்லர்கள் கிலோமீட்டர் கணக்கில் வரிசையாக நிற்பது எண்ணூர் விரைவு சாலையின் அன்றாடக் காட்சியானது.

மிதிவண்டி ஓட்டுபவருக்கு இந்த வரிசை இரு வகையில் ஆபத்து. சாலையின் இடது ஓரம் நிற்கும் லாரிகளுக்குப் போய்விடுவதால் அவர் ஓடும் லாரிகளின் பாதைக்குத் தள்ளப்படுகிறார். உயரமான ஓட்டுநர் இருக்கையிலிருந்து இடது முன்சக்கரத்தின் அருகே வரும் மிதிவண்டி தெரிவதில்லை. டிரெய்லர் திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரங்கள் போன வழியில் போகாமல் உள்வளைவாக வெட்டித் திரும்பும். அந்த வளைவுக்குள் சிக்குபவர் தப்புவது அரிது. மற்ற சாலைகளில் வெள்ளைக்கோடு ஓரளவு உதவலாம். இங்கே உறுதியான தடுப்பு இல்லாத தடம் லாரி நிறுத்தும் இடமாகவே முடியும்.

எண்ணூர் மணலி சாலை மேம்பாட்டுத் திட்டம் இந்த நெரிசலைத் தீர்க்க வந்தது. தேசிய நெடுஞ்சாலை ஆணையம், இரு துறைமுகங்கள், மாநில அரசு ஆகியவை சேர்ந்த இத்திட்டம் நில எடுப்பிலும் மீனவர் மறுகுடியமர்த்தலிலும் பல ஆண்டுகள் இழுபட்டது. அதன் நோக்கம் சரக்குப் போக்குவரத்து. 2009-ல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2012-ல் நிறுத்தப்பட்டு, 2022-ல் ஈரடுக்காக மீண்டும் அடிக்கல் கண்ட துறைமுகம்–மதுரவாயல் உயர்மட்டச் சாலையின் நோக்கமும் அதுவே. லாரிகள் மேலேறிப் போனால் கீழே கிடைக்கும் இடம் யாருக்கு என்ற கேள்வியை இத்திட்டங்கள் குறித்த விவாதங்களில் காண்பது அரிது.

மிதிவண்டி குறைந்த காலம்

1980-ல் டி.வி.எஸ். 50 மொபெட் வந்தது. பெடலும் உண்டு, எஞ்சினும் உண்டு. ஆலைத் தொழிலாளியும் சிறு வியாபாரியும் மிதிவண்டியிலிருந்து ஏறிய முதல் படி அதுதான். 1996-ல் பின்னி ஆலைகள் மூடப்பட்டன. புதிய மோட்டார்த் தொழில் திருப்பெரும்புதூர், ஒரகடம் பக்கம் போனது. ராயல் என்ஃபீல்டும் 2013-ல் ஒரகடத்தில் புதிய ஆலையைத் தொடங்கியது. திருவொற்றியூரிலிருந்து அங்கே மிதிவண்டியில் போக முடியாது. 2008-ல் எடுத்த போக்குவரத்து ஆய்வில் சென்னைப் பயணங்களில் மிதிவண்டியின் பங்கு 6 விழுக்காடாகவும், மோட்டார் இருசக்கர வண்டியின் பங்கு 25 விழுக்காடாகவும் இருந்தன.

இந்தச் சரிவின் நடுவே ஓர் எதிர்த்திசை நிகழ்வும் உண்டு. 2001-02-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்குத் தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம் பின்னர் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர் அனைவருக்கும் விரிந்தது. ஆண்டுதோறும் அரசே வண்டி கொடுத்தது. அது ஓடுவதற்கான பாதையைப் பற்றித் திட்டத்தில் எதுவும் இல்லை. திருவொற்றியூரில் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்திக்குக் கிடைத்த வண்டி, டிரெய்லர் ஓடும் சாலையைக் கடக்க வேண்டும் என்பதால் வீட்டுத் திண்ணையில் நின்றுபோவதற்கும் வாய்ப்பு இருந்தது.

கொள்கைகள் வந்தன

2006-ன் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, சாலை வாகனங்களுக்கு அல்ல, மனிதர்களுக்கு என்று கூறி மிதிவண்டித் தடங்களைப் பரிந்துரைத்தது. 2014-ல் சென்னை மாநகராட்சி மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றது. இந்திய நகரங்களில் அப்படி ஏற்றது சென்னையே முதல். போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 விழுக்காட்டை நடப்பவர்களுக்கும் மிதிவண்டிகளுக்கும் ஒதுக்க வேண்டும் என்றது கொள்கை. 2011-ல்தான் திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி ஆகியவை மாநகராட்சியில் சேர்ந்திருந்தன.

நடைமுறையில் அந்தக் கொள்கையின் பலன் பெரும்பாலும் அகலமான நடைபாதைகளாக வெளிப்பட்டது. 2019 நவம்பரில் திறந்த பாண்டி பஜார் நடைவளாகம் அதன் அடையாளச் சின்னம். அதே ஆண்டு வாடகை மிதிவண்டித் திட்டமும் வந்தது. அதில் கைப்பேசிச் செயலி வழியாக வண்டியைத் திறக்க முடிந்தது. துறைமுகச் சாலைகளில் தடுப்புடன் தொடர்ச்சியான மிதிவண்டித் தடம் அமையவில்லை. அங்கே முக்கியமான சாலைகள் மாநகராட்சியின் கையில் மட்டும் இல்லை என்பதும் ஒரு காரணம். நெடுஞ்சாலைத் துறை, தேசிய ஆணையம், துறைமுகம் என அதிகாரம் சிதறிக் கிடக்கிறது.

2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டை முதல் விம்கோ நகர் வரை மெட்ரோ இரயில் நீட்டிக்கப்பட்டது. 9 கிலோமீட்டர் வழியில் காலடிப்பேட்டை, திருவொற்றியூர் தேரடி என்று நிலையங்கள் வந்தன. கடைசி நிலையம் தீப்பெட்டி ஆலையின் பெயரைத் தாங்கியிருக்கிறது. மெட்ரோ வந்ததால் மிதிவண்டிக்கு ஒரு புதிய வேலை கிடைத்திருக்கிறது: வீட்டிலிருந்து நிலையம் வரையிலான ஒன்றிரண்டு கிலோமீட்டர். 1950-களில் இரயில் நிலையத்துக்கும் ஆலை வாசலுக்கும் இடையே இருந்த அதே இடைவெளிதான் இது.

மிதிவண்டி இப்பகுதியை விட்டு முழுவதும் போய்விடவில்லை. தேநீர்க் கேனைக் கட்டிக்கொண்டு லாரி வரிசையை ஒட்டி வரும் வியாபாரி, இரவுக் காவல் முடித்துத் திரும்பும் முதியவர், சிலிண்டர் ஏற்றிய மூன்று சக்கர வண்டி ஆகியோரை இன்றும் பார்க்கலாம். காசிமேட்டின் மீன்பாடி வண்டியும் மிதிவண்டிக் குடும்பத்தைச் சேர்ந்ததே. பலவற்றில் இப்போது பழைய எஞ்சின் பூட்டியிருக்கும். விடியற்காலை மீன் ஏலம் முடிந்து ஐஸ் சொட்டச் சொட்ட அவை வெளியே வரும் நேரமும், துறைமுக வாசலுக்கு டிரெய்லர்கள் வரிசை கட்டும் நேரமும் பல நாட்களில் ஒன்றாகவே இருக்கின்றன.