இரண்டாம் பாஜிராவும் கட்கிப் போரும்

இரண்டாம் பாஜிராவ் (1775–1851) மராட்டிய அரசின் கடைசிப் பேஷ்வா. சதாராவில் இருந்த சத்ரபதி பெயரளவில் அரசராக இருக்க, புணேயில் அமர்ந்து ஆட்சி நடத்திய தலைமை அமைச்சரே பேஷ்வா. 1796 டிசம்பரில், 21 வயதில் பதவியேற்ற பாஜிராவ் 1818 ஜூனில் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் சரணடைந்தார். அந்த வீழ்ச்சியைத் தொடங்கி வைத்தது 1817 நவம்பர் 5 அன்று புணேயை அடுத்த கட்கியில் நடந்த போர். திரைப்படத்தின் வழியாகப் பலரும் அறிந்த பாஜிராவ் இவரல்லர். அவர் முதலாம் பாஜிராவ் (1700–1740), இவருடைய பாட்டனார்.

தோல்வியில் பாடம் கற்று, அடுத்த முறை நிமிர்ந்து நிற்கும் இளம் தலைவனை இதிகாசத்திலிருந்து இன்றைய வீடியோ கேம் வரை எல்லாக் கதைகளிலும் பார்க்கிறோம். பாஜிராவின் வாழ்க்கை அந்த அச்சில் அடங்குவதில்லை. அவர் கற்றுக்கொண்டார், ஆனால் மிக மெதுவாக, கற்றதும் பாதிதான். அந்தப் பாதியின் விலை கட்கியில் தெரிந்தது.

சிறையில் வளர்ந்த பிள்ளை

1773 ஆகஸ்ட் 30 அன்று சனிவார் வாடா அரண்மனையில் பேஷ்வா நாராயணராவ் காவலர்களால் வெட்டிக் கொல்லப்பட்டார். பழி அவருடைய சிற்றப்பா ரகுநாதராவ் மீது விழுந்தது. ரகுநாதராவின் மகன்தான் பாஜிராவ். தந்தை ஆங்கிலேயரின் துணை தேடி அலைந்துகொண்டிருந்த காலத்தில், 1775 ஜனவரி 10 அன்று தாய் ஆனந்திபாய் அவரைத் தார் கோட்டையில் பெற்றெடுத்தார். 1783இல் தந்தை இறந்தபின் குடும்பம் முழுவதும் கண்காணிப்பில் இருந்தது. முதலில் கோபர்காவ், பிறகு நாசிக் அருகே ஆனந்தவல்லி, கடைசியில் சிவநேரிக் கோட்டை. சமஸ்கிருதமும் சாத்திரமும் நன்றாகக் கற்றார். இனிமையாகப் பேசுவார் என்று பகைவர்களும் ஒப்புக்கொண்டார்கள். அப்போது பேஷ்வாவாக இருந்த, தன் வயதொத்த சவாய் மாதவராவுடன் இரகசியமாகக் கடிதத் தொடர்பு வைத்திருந்ததை மூத்த அமைச்சர் நானா பட்னவிஸ் கண்டுபிடித்ததும் காவல் இன்னும் இறுகியது.

யாரை நம்புவது என்று கற்க வேண்டிய வயதில் யாரையும் நம்பாதிருக்கக் கற்றார். இவருடைய பிற்காலக் குறைகள் பலவற்றுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. அதற்காக அவர் செய்ததையெல்லாம் மன்னித்துவிட முடியாது.

ஆறு ஆண்டுகளில் சிதறியது

1795 அக்டோபரில் சவாய் மாதவராவ் மாடியிலிருந்து விழுந்து இறந்தார். வாரிசு இல்லை. ஓராண்டுக்கும் மேலாக நடந்த பேரத்தில் பாஜிராவின் தம்பி சிமாஜி அப்பாவைக்கூடச் சில மாதம் பேஷ்வா ஆக்கிப் பார்த்தார்கள். நானா பட்னவிசிடமும் குவாலியரின் தௌலத்ராவ் சிந்தேயிடமும் மாறிமாறி வாக்குக் கொடுத்துத்தான் பாஜிராவ் பதவியைப் பிடித்தார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றப் பணம் இல்லை. 1798இல் சிந்தேயின் மாமனார் சர்ஜேராவ் காட்கே புணேச் செல்வர்களைப் பிடித்து வதைத்துப் பணம் பறித்தபோது, தன் குடிமக்களைக் காக்க வேண்டிய பேஷ்வா கைகட்டி நின்றார். 1800 மார்ச்சில் நானா பட்னவிஸ் இறந்தார். அதற்குப்பின் பாஜிராவைத் தடுத்து நிறுத்த ஆளில்லை.

அவர் செய்த மிகப் பெரிய பிழை 1801 ஏப்ரலில் நிகழ்ந்தது. கலகம் செய்து பிடிபட்ட, மற்றொரு மராட்டியத் தலைவர் குடும்பத்தைச் சேர்ந்த விட்டோஜி ஹோல்கரைச் சனிவார் வாடாவின் முன்னால் யானைக் காலில் இடறிக் கொல்லச் செய்தார். இருபத்தாறு வயது ஆட்சியாளர் தன் தந்தையின் பகைவர்களுக்குத் தர நினைத்த பாடம் அது. விட்டோஜியின் சகோதரர் யஷ்வந்த்ராவ் ஹோல்கர் படை திரட்டிவந்து, 1802 அக்டோபர் 25 அன்று ஹடப்சரில் பேஷ்வா, சிந்தே இருவரின் படைகளையும் முறியடித்தார். பாஜிராவ் முடிவு தெரிவதற்கு முன்பே களத்தைவிட்டு நீங்கிக் கொங்கணக் கடற்கரைக்குப் போய், அங்கிருந்து கப்பலில் வசாய் சென்றடைந்தார். மராட்டியில் இவருக்கு ஒட்டிக்கொண்ட ‘பளபுட்டா’, அதாவது ஓடுகாலி என்ற பட்டத்துக்கு இதுபோன்ற ஓட்டங்களே காரணம்.

வசாயில் 1802 டிசம்பர் 31 அன்று கையெழுத்தான உடன்படிக்கை, பேஷ்வாவின் நாட்டுக்குள் கம்பெனிப் படையை நிரந்தரமாகக் கொண்டுவந்து வைத்தது. அந்தப் படையின் செலவுக்கு ஆண்டுக்கு 26 லட்சம் ரூபாய் வருமானமுள்ள நிலங்கள் கம்பெனிக்குப் போயின. கம்பெனியின் சம்மதமின்றிப் பிற அரசுகளோடு அவர் பேசவும் முடியாது. 1803 மே 13 அன்று கம்பெனித் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லி அவரைப் புணேக்கு அழைத்துவந்து மீண்டும் அமர்த்தினார். வீடு திரும்ப அவர் கொடுத்த விலை தன் சுதந்திரம். சிந்தேயும் இன்னொரு மராட்டியத் தலைவரான போன்ஸ்லேயும் அந்த ஆண்டே கம்பெனியோடு போரிட்டுத் தோற்றார்கள்.

அதே குடும்பத்தின் இன்னொரு இளைஞர்

பேஷ்வா குடும்பத்தில் இளம் வயதில் தவறித் திருந்தி வளர்ந்த ஒருவர் இருந்தார் என்பதால்தான் பாஜிராவின் கதை இன்னும் உறுத்துகிறது. முதலாம் மாதவராவ் 1761இல், பானிபட் பேரழிவுக்குப் பின், 16 வயதில் பேஷ்வா ஆனார். முன்கோபி. அதிகாரத்தைப் பங்குபோடச் சிற்றப்பாவோடு மோதி 1762 நவம்பரில் ஆலேகாவ் அருகே தோற்றார். வீட்டுச் சண்டை நாட்டை அழிக்கும் என்று கண்டு, சிற்றப்பாவின் கூடாரத்துக்குத் தாமே போய்ப் பணிந்தார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில், அதே சிற்றப்பாவோடு சேர்ந்து நின்று ராட்சசபுவனில் நிஜாமின் படையை முறியடித்தார். பிறகு மெல்ல மெல்ல அதிகாரம் முழுவதும் அவர் கைக்கு வந்தது. 1772இல் காசநோயால் தேஊரில் இறந்தபோது அவருக்கு வயது 27. பணிந்து நிலைபெற்ற அந்தப் பிள்ளையின் சிற்றப்பா வேறு யாருமல்ல, பாஜிராவின் தந்தை ரகுநாதராவ்.

கட்கிக்கு வழி

1803க்குப் பிந்தைய பத்தாண்டுகள் பாஜிராவின் வாழ்வில் அதிகம் கவனிக்கப்படாத பகுதி. கைவிட்டுப்போன தெற்கு ஜாகீர்தார்களை ஒழுங்குக்குக் கொண்டுவந்தார், கருவூலத்தை நிரப்பினார். ஆனால் வரிவசூலை ஏலம் விட்டு நிரப்பியதால் உழவர்கள் நசுங்கினார்கள். 1811 முதல் புணேயில் கம்பெனியின் ரெசிடெண்டாக, அதாவது அரசவைப் பிரதிநிதியாக, இருந்தவர் மவுண்ட்ஸ்டூவர்ட் எல்ஃபின்ஸ்டன். 1815 ஜூலையில் பரோடா அரசின் தூதர் கங்காதர சாஸ்திரி பண்டரிபுரத்தில் கொலையுண்டார். கம்பெனியின் பாதுகாப்பு உறுதியோடு வந்த தூதர் அவர். பேஷ்வாவின் நெருங்கிய ஆள் திரிம்பக்ஜி டேங்ளே மீது பழி சுமத்தி, அவரை ஒப்படைக்கச் செய்து தாணே கோட்டையில் அடைத்தார் எல்ஃபின்ஸ்டன். 1816 செப்டம்பரில் திரிம்பக்ஜி அங்கிருந்து தப்பினார். அதன் தொடர்ச்சியாக 1817 ஜூன் 13 அன்று புணே உடன்படிக்கை பாஜிராவின் கழுத்தில் ஏறியது. மராட்டியக் கூட்டமைப்பின் தலைமையைத் துறப்பதாக அவர் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது.

இங்கேதான் அவர் மாறினார். நாற்பத்திரண்டு வயதில், ஓடுவதற்குப் பதில் போரிடுவதென்று முடிவு செய்தார். ஆகஸ்டில் மாகுலியில் தம்மைச் சந்தித்த கம்பெனி அதிகாரி ஜான் மால்கமை இனிய பேச்சால் கவர்ந்து, பிணையாகக் கொடுத்திருந்த கோட்டைகளை மீட்டார். பிண்டாரிகள் என்ற கொள்ளைக் கூட்டங்களை அடக்கக் கம்பெனிக்கு உதவுவதாகச் சொல்லிப் படை சேர்த்தார். படைக்குத் தலைமை பாபு கோகலே. கம்பெனிச் சிப்பாய்களைப் பணம் கொடுத்து இழுக்கவும் முயற்சி நடந்தது. அதில் பலன் குறைவு.

1817 நவம்பர் 5

அக்டோபர் இறுதியில் கம்பெனியின் படைப்பிரிவு புணே ஊரையொட்டிய கார்பீரில் முகாமிட்டிருந்தது. மராட்டியக் குதிரைப்படை அதைச் சுற்றிக் கூடாரம் அடித்து நெருக்கியது. அப்போதே தாக்கியிருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கலாம். பாஜிராவ் காத்திருந்தார். அக்டோபர் 30 அன்று பம்பாய் ஐரோப்பிய ரெஜிமெண்ட் வந்து சேர்ந்தது. நவம்பர் 1 அன்று படை முழுவதும் வடமேற்கே கட்கிக்கு இடம் மாறியது. முளா ஆறு பின்னால் அரணாக அமைந்த நல்ல இடம் அது.

ஐந்தாம் தேதி பிற்பகல் மராட்டியப் படை நகர்ந்தது. முளா, முட்டா ஆறுகள் கூடும் சங்கமத்தில் இருந்த ரெசிடென்சியைவிட்டு எல்ஃபின்ஸ்டன் ஆற்றைக் கடந்து கட்கிப் படையோடு சேர்ந்தார். அவர் போன கையோடு ரெசிடென்சி தீக்கிரையானது. அவருடைய நூல்களும் காகிதங்களும் எரிந்தன. லெப்டினன்ட் கர்னல் பர் தலைமையில் சுமார் 2,800 பேர். எதிரே 18,000 குதிரைவீரரும் 8,000 காலாட்களும் 14 பீரங்கிகளும் என்பது ஆங்கிலேயர் கணக்கு.

பேஷ்வா பர்வதிக் குன்றின்மேல் நின்று பார்த்தார். படை கிளம்பும்போது ஜரிபட்கா என்ற பொற்கொடியின் கம்பு முறிந்தது. அபசகுனம் என்று பேச்சு எழுந்தது. முதல் குண்டைக் கோகலே சுட வேண்டாம் என்று பேஷ்வா ஆள் அனுப்பினார் என்கிறார் வரலாற்றாசிரியர் கிராண்ட் டஃப். செய்தி வருமுன்னே கோகலே பீரங்கிகளை முழங்கவிட்டார். போர்த்தலைவனை அனுப்பிவிட்டு அவன் பின்னாலேயே தடையையும் அனுப்பியது பாஜிராவின் இயல்பு. எதிலும் ஒரு கதவைத் திறந்தே வைத்திருந்தவர், வெற்றிக்கு மிக அருகில் வந்த நாளிலும் அந்தக் கதவை மூடவில்லை.

பர் காத்திராமல் கணேஷ்கிண்ட் சமவெளியில் முன்னேறினார். ஐரோப்பியர் ஒருவர் பழக்கிய பேஷ்வாவின் காலாட்படை முதலில் மோதியது. அதைத் துரத்திய சிப்பாய்கள் வரிசை கலைந்தார்கள். அந்த இடைவெளியைக் கண்டு கோகலே ஆறாயிரம் குதிரைகளை ஏவினார். குதிரைகளுக்கும் சிப்பாய்களுக்கும் நடுவே யாரும் கவனிக்காத ஒரு சேற்று நிலம் இருந்தது. பாய்ந்த குதிரைகள் அதில் சிக்கின. சிப்பாய்களுக்குச் சுட்டு வீழ்த்த நேரம் கிடைத்தது. தாபோடியிலிருந்து மேஜர் ஃபோர்டின் பட்டாளமும் கம்பெனிப் படையோடு வந்து சேர்ந்தது. அந்தப் பட்டாளத்தின் பீரங்கியால் மாண்டவர்களில் பேஷ்வா தரப்பின் மோரோ தீட்சித் ஒருவர். ஃபோர்டின் நெடுநாள் நண்பரான அவர், போர் வரப்போகிறது என்று முன்பே அவரிடம் சொல்லி, இருவரில் எவர் இறந்தாலும் மற்றவர் குடும்பத்தைப் பார்த்துக்கொள்வதென்று பேசி வைத்திருந்தார்.

இருட்டியதும் போர் நின்றது. கம்பெனித் தரப்பில் மாண்டவரும் காயமுற்றவரும் 86 பேர். மராட்டியர் தரப்பில் சுமார் 500. இத்தனை பெரிய படைக்கு இது தாங்க முடியாத இழப்பே அல்ல. மறுநாளே திரும்ப மோதியிருக்கலாம். நாட்கள் வீணாயின. நவம்பர் 13 அன்று சிரூரிலிருந்து ஜெனரல் லியனல் ஸ்மித்தின் படை வந்தது. எரவடாவில் சிறு மோதலோடு பேஷ்வா பின்வாங்க, 17ஆம் தேதி சனிவார் வாடாவில் ஆங்கிலக் கொடி பறந்தது.

பிறகு

1818 ஜனவரி 1 அன்று கோரேகாவில் நாள் முழுதும் மோதல். பிப்ரவரியில் ஆஷ்டியில் பாபு கோகலே வாளோடு வீழ்ந்தார். சத்ரபதி பிரதாப்சிங் ஆங்கிலேயர் கையில் சிக்கினார். ஏழு மாத ஓட்டத்தின் முடிவில், 1818 ஜூன் 3 அன்று ஆசிர்கட் அருகே பாஜிராவ் மால்கமிடம் சரணடைந்தார். ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் ஓய்வூதியம், கான்பூருக்கு அருகே கங்கைக் கரையில் பிதூரில் வாசம் என்பது ஏற்பாடு. இது மிகவும் தாராளம் என்று கவர்னர் ஜெனரல் ஹேஸ்டிங்ஸ் முகம் சுளித்தார்.

தமிழ் வாசகருக்குப் பழக்கமான ஒருவரோடு ஒப்பிடலாம். தஞ்சையின் இரண்டாம் சரபோஜி (1777–1832) பாஜிராவைவிட இரண்டு வயது இளையவர், அவரும் மராட்டியர். 1799 உடன்படிக்கையில் நாட்டு நிர்வாகத்தைக் கம்பெனியிடம் கொடுத்துவிட்டு, எஞ்சிய காலத்தைச் சரஸ்வதி மகால் நூலகத்துக்கும் கல்விக்கும் தந்தார். பாஜிராவும் பிதூரில் பூசையும் தானமுமாக முப்பது ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்தார். ஆப்கான் போரின்போது அதே கம்பெனிக்கு 5 லட்சம் ரூபாய் கடன் கொடுக்கவும், பஞ்சாப் போரின்போது ஆயிரம் குதிரைவீரரையும் ஆயிரம் காலாட்களையும் திரட்டித் தரவும் முன்வந்தார்.

ஆனால் அந்த வீட்டில் வேறொன்று வளர்ந்துகொண்டிருந்தது. 1827இல் அவர் தத்தெடுத்த நானா சாகிபும், அவருடைய ஊழியர் மகன் தாந்தியா தோபேயும், பின்னாளில் ஜான்சி ராணியான மணிகர்ணிகாவும் பிதூரில் வளர்ந்தவர்கள். 1851 ஜனவரி 28 அன்று பாஜிராவ் இறந்ததும் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி ஓய்வூதியத்தை நிறுத்தினார். 1857இல் கான்பூரில் நானா சாகிப் கம்பெனிக்கு எதிராக எழுந்தார்.

போர்க்களமும் வரலாறும்

கட்கி பின்னர் கன்டோன்மென்ட் ஆனது. 1869இல் வெடிமருந்துத் தொழிற்சாலை வந்தது. பம்பாய் எஞ்சினியர் பிரிவின் தலைமையகம் இன்றும் அங்கேதான். கணேஷ்கிண்டில் ஆளுநருக்குக் கட்டிய மாளிகை இப்போது சாவித்திரிபாய் புலே புணே பல்கலைக்கழகத்தின் முதன்மைக் கட்டடம்.

பாஜிராவைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதி அவரை வென்றவர்கள் எழுதியது. 1826இல் மராட்டியர் வரலாற்றை வெளியிட்ட கிராண்ட் டஃப், எல்ஃபின்ஸ்டனிடம் உதவியாளராக இருந்தவர். கட்கிப் போரைப் பற்றி எழுதும்போது அவர் தன் தரப்பின் வெற்றியைத்தான் எழுதுகிறார். பிரதுல் சந்திர குப்தா 1939இல் எழுதிய நூல், ஆவணங்களைக் கொண்டு பாஜிராவுக்கும் கம்பெனிக்கும் இருந்த உறவை நிதானமாக ஆராய்ந்தது. மராட்டி நாவலாசிரியர் நா. ஸ. இனாம்தார் ‘மந்த்ராவேகளா’ நாவலில் அவரைப் பரிவோடு சித்திரித்தார். திரிம்பக்ஜி டேங்ளேயைப் பற்றியும் ‘ஜேப்’ என்ற நாவல் எழுதினார்.