ஓகஸ்ட் 25, ஒக்டோபர் 31: பண்டார வன்னியனின் இரண்டு நாட்கள்

வன்னி மக்கள் நினைவில் வைத்திருக்கும் வரலாற்று நாட்களில் இரண்டு 1803ஆம் ஆண்டுக்குரியவை. முல்லைத்தீவில் ஆங்கிலேயரின் காவல் படையை வன்னிச் சிற்றரசன் பண்டார வன்னியன் விரட்டியது ஓகஸ்ட் 25. கற்சிலைமடுவில் அவன் தோற்றது ஒக்டோபர் 31. இரண்டுக்கும் நடுவே பத்து வாரம்கூட இல்லை.

ஒல்லாந்தரின் ஆட்சியில் வன்னிமைகள் எனப்பட்ட வன்னிச் சிற்றரசுகள் யானைகளைத் திறையாகக் கொடுத்து ஓரளவு தன்னாட்சியோடு இருந்தன. 1780களில் நாகல் என்ற ஒல்லாந்த அதிகாரி அந்த நிலையை ஒடுக்கினான். 1795-96இல் ஒல்லாந்தரின் இடத்துக்கு ஆங்கிலேயர் வந்தனர். 1803 யூனில் கண்டியில் மேஜர் டேவியின் ஆங்கிலேயப் படை அழிந்ததும், கரையோரக் காவல் நிலையங்கள் பலவீனமாகின. அந்த வேளை பார்த்துத்தான் பண்டார வன்னியன் கண்டியரோடு கூட்டுச் சேர்ந்து எழுந்தான். முல்லைத்தீவிலிருந்த கப்டன் வொன் டிறிபேர்க் படகேறி யாழ்ப்பாணம் போகவேண்டியதாயிற்று. வன்னியனின் ஆட்கள் ஆனையிறவு வரை பரவினர்.

ஆங்கிலேயர் மன்னார், திருகோணமலை, யாழ்ப்பாணம் என மூன்று பக்கத்தாலும் படை அனுப்பினர். யாழ்ப்பாணப் படையை நடத்தி வந்தவன், முன்பு துரத்தப்பட்ட அதே டிறிபேர்க். ஒக்டோபர் 31 விடியற்காலையில், ஒட்டுசுட்டானுக்கு அண்மையிலுள்ள கற்சிலைமடுவில், எதிர்பாராத தாக்குதலில் வன்னியனின் படை சிதறியது. 1895இல் வெளிவந்த வன்னி மாவட்டங்கள் பற்றிய ஜே. பி. லூயிஸின் கைநூல் இந்நிகழ்வுகளைப் பதிவு செய்கிறது.

தோல்வி நடந்த இடத்தில் ஆங்கிலேயர் ஒரு கல் நட்டனர். இந்த அயலிலே டிறிபேர்க் பண்டார வன்னியனைத் தோற்கடித்தான் என்பதையும் தேதியையும் தவிர, அதில் வேறு எதுவுமில்லை. வன்னியன் இறந்தான் என்றும் அது கூறவில்லை. ஆனால் ஒக்டோபர் 31ஐ அவன் இறந்த நாளாகவே பலர் கொள்கின்றனர். அதற்குக் கல் ஆதாரமாகாது. வீழ்ந்தவனுக்கு நடுகல் எடுப்பது தமிழர் வழக்கம். வென்றவர்கள் தங்கள் தளபதியின் பெயரை முன்வைத்து நட்ட இக்கல்லும் காலப்போக்கில் தோற்றவனுக்குரியதாகிவிட்டது. டிறிபேர்க்கின் பெயரே இன்று அக்கல்லால்தான் பேசப்படுகிறது. 2010இல் அது உடைக்கப்பட்டதாகச் செய்தி வந்தது.

கல் நடப்பட்டதற்கும் உடைபட்டதற்கும் இடைப்பட்ட காலத்தில் வன்னியனின் கதை மேடைக்கு ஏறியது. எழுத்தாளர் முல்லைமணி பண்டார வன்னியனைப் பற்றி நாடகம் எழுதினார். தமிழகத்தில் மு. கருணாநிதி 'பாயும் புலி பண்டாரக வன்னியன்' என்ற நாவலை எழுதினார். காக்கை வன்னியன் என்பவன் பண்டார வன்னியனைக் காட்டிக்கொடுத்தான் என்ற கதை மக்கள் மனதில் பதிந்ததில் நாடகங்களுக்குப் பெரும் பங்குண்டு. அதை நடந்த வரலாறாகக் கொள்ளும்போது சற்று நிதானம் வேண்டும்.

பிற்காலத்தில் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் ஓகஸ்ட் 25 வெற்றி நாளாக நினைவுகூரப்பட்டு வருகிறது. வவுனியா நகரிலுள்ள அவனது சிலைக்கு மாலை அணிவிக்கப்படுகிறது. கல்லில் பொறித்த தேதி ஒக்டோபருடையதாக இருந்தும், விழாவுக்கு வன்னி மக்கள் எடுத்துக்கொண்டது ஓகஸ்டைத்தான்.