பெண்கள் எங்கே போனார்கள்?

1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வேலை பார்த்த பெண்கள் சுமார் 6 கோடி. 1971-ல் சுமார் 3 கோடிதான்! பத்தே வருடத்தில் பாதிப் பேர் எங்கே போனார்கள்?

எங்கும் போகவில்லை நண்பர்களே, மாறியது கேள்விதான். 1961-ல் விவசாயம் மாதிரி பருவ வேலையில், பருவத்தின் பெரும்பகுதியில் தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் உழைத்தாலே தொழிலாளி. 1971-ல் முக்கிய வேலை எது என்று கேட்டார்கள். வீட்டு வேலை என்றால் அந்தப் பெண் தொழிலாளி இல்லை. 1981-ல் வருடத்தில் 183 நாளுக்குக் குறைவாக உழைத்தவர்களையும் தனியாக எண்ணினார்கள்.

நம்ம வடலூர் பக்கமே பாருங்களேன். நெய்வேலி சுரங்கத் தொழிலாளி எந்தக் கேள்விக்கும் கணக்கில் வருவார். சமையல் முடித்துவிட்டு முந்திரி உடைக்கும் அம்மா? அது கேள்வியைப் பொறுத்தது! எனவே இரண்டு வருட எண்களை ஒப்பிடும் முன், அந்தந்த வருடம் என்ன கேட்டார்கள் என்று பாருங்கள்.