பொரித்தும் வளராத குஞ்சுகள்: பின்சோன் தீவின் ஒரு நூற்றாண்டு

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பது நம் ஊர்களில் இன்றும் வழங்கும் பழமொழி. ஆமைகள் தமக்கென ஒரு பழமொழி சொல்லக்கூடுமானால், அது இதற்கு நேர்மாறாக அமைந்திருக்கும். எக்குவடோர் நாட்டுக் கரையிலிருந்து ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் மேற்கே, பசிபிக் பெருங்கடலில் கிடக்கும் கலாபகோஸ் தீவுகளின் வரலாறு, மனிதர் புகுந்த ஆமை வீட்டின் வரலாறாகும். அத்தீவுகளின் பெயரே ஆமையைக் குறிக்கும் பழைய ஸ்பானியச் சொல்லிலிருந்து பிறந்ததுதான். பெயர் நிலைத்தது, பெயருக்குரியவை குறைந்துகொண்டே வந்தன.

குறைந்ததற்கு முதற்காரணம் பசி. பெருநில ஆமை உணவும் நீருமின்றிப் பல மாதங்கள் உயிரோடிருக்க வல்லது. உப்பிட்ட இறைச்சியைத் தின்று சலித்த திமிங்கில வேட்டைக் கப்பலினருக்கு, அடித்தளத்தில் அடுக்கிவைத்து வேண்டும்போது எடுத்துக்கொள்ளத்தக்க உணவாக அது தோன்றியது. சார்லஸ் டவுன்சென்ட் என்னும் அமெரிக்க விலங்கியலாளர் 79 கப்பல்களின் நாட்குறிப்பேடுகளை ஆராய்ந்து 1925இல் ஒரு கணக்கை வெளியிட்டார். 1831 முதல் 1868 வரை அக்கப்பல்கள் 189 முறை அத்தீவுகளுக்கு வந்து 13,013 ஆமைகளை ஏற்றிச் சென்றிருந்தன. அவர் பார்த்த ஏடுகளில் பதிவானவை மட்டுமே இவை. பெண் ஆமைகள் உருவிற் சிறியவை. முட்டையிடத் தாழ்நிலத்துக்கு இறங்கி வருபவை. ஆகவே சுமப்பதற்கு எளிதென்று அவற்றையே மிகுதியாகப் பிடித்தனர். கப்பலேறியவை ஆமைகள் மட்டுமல்ல, அவை இட்டிருக்கக்கூடிய முட்டைகளும்தான்.

இரண்டாம் காரணம் கப்பலிலிருந்து இறங்கியவை: ஆடுகள், பன்றிகள், எலிகள். பின்சோன் என்னும் சிறு தீவில் நடந்ததை இங்கே தனியே சொல்ல வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் கருப்பெலிகள் அங்கே குடியேறிவிட்டன. முதிர்ந்த ஆமையை எலியால் ஒன்றும் செய்ய இயலாது. ஆனால் புதிதாகப் பொரித்த குஞ்சு உள்ளங்கையில் அடங்குவது. அதன் ஓடு இன்னும் கெட்டிப்படாதது. அதனால் ஆண்டுதோறும் தாய் ஆமைகள் குழி தோண்டி முட்டையிட்டன, முட்டைகள் பொரித்தன, குஞ்சுகள் மண்ணைக் கிளறி வெளியே வந்தன, வந்தவை எலிகளுக்கு இரையாயின. 1960களில் ஆய்வாளர்கள் கண்டவை ஏறத்தாழ 100 முதல் 200 வரையிலான முதிய ஆமைகளை மட்டுமே. நடந்து செல்பவருக்கு அத்தீவில் ஆமைகள் நலமாக வாழ்வதாகவே தோன்றியிருக்கும். நூறாண்டுக்கு மேல் வாழும் விலங்கினத்தில் அழிவு உடனே கண்ணுக்குப் புலப்படுவதில்லை. கூட்டம் அப்படியே நிற்கும். அதன் வயது மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

1965இல் ஒரு முயற்சி தொடங்கியது. பின்சோன் தீவின் கூடுகளிலிருந்து முட்டைகளை எடுத்து, சான்டா குரூஸ் தீவிலிருந்த சார்லஸ் டார்வின் ஆய்வு நிலையத்துக்குக் கொண்டுசென்றனர். ஆமை முட்டை கோழிமுட்டை போன்றதன்று. கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்ட பின் முட்டையைப் புரட்டினால் கரு மடியும். ஆகவே மேற்புறத்தில் குறியிட்டு, கூட்டில் எந்நிலையில் இருந்ததோ அந்நிலையிலேயே பாறைகளினூடே சுமந்துவர வேண்டும். பொரிப்பதற்குப் பல மாதங்கள் ஆகும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பதும் வெப்பநிலையே என்பது பிற்பாடு தெரியவந்தது: 28 பாகை செல்சியசில் ஆண்கள், 29.5இல் பெண்கள். இந்த ஒன்றரைப் பாகையை அறியாத காலத்தில், அக்கறையோடு அடைகாத்த ஒரு தலைமுறை முழுவதும் ஒரே பாலாக அமைந்துவிடக்கூடிய ஆபத்து இருந்தது. பொரித்த குஞ்சுகளின் ஓட்டில் எண் எழுதி, எலியால் தின்ன இயலாத அளவு வளரும்வரை நான்கைந்து ஆண்டுகள் பேணி, மீண்டும் தீவில் விட்டனர். இவ்வாறு முதற்குஞ்சுகள் 1970இல் பின்சோனுக்குத் திரும்பின.

எஸ்பனியோலா தீவின் நிலை இன்னும் மோசமானது. 1963 முதல் 1974 வரை தேடியும் அங்கே கிடைத்தவை 14 ஆமைகளே. 12 பெண், 2 ஆண். அவை ஒன்றையொன்று சந்திக்கவும் வாய்ப்பின்றிச் சிதறிக் கிடந்தன. அமெரிக்காவின் சான் டியேகோ விலங்குக் காட்சிசாலையிலிருந்து 1977இல் திரும்பிய ‘டியேகோ’ மூன்றாவது ஆணாகச் சேர்ந்தது. 1978இல் அத்தீவின் ஆடுகள் முற்றாக அகற்றப்பட்டன. இந்தப் பதினைந்தின் வழித்தோன்றல்கள் இன்று ஆயிரக்கணக்கில் பெருகியுள்ளன. பணி முடிந்த பதினைந்து முதிய ஆமைகளும் 2020 ஜூனில் தம் தீவுக்கே அனுப்பப்பட்டன.

எல்லாக் கதையும் இவ்வாறு முடியவில்லை. பின்டா தீவில் 1971இல் கண்டறியப்பட்ட ‘தனித்த ஜார்ஜ்’ தன் இனத்தின் கடைசி உயிர். அதற்கு ஒரு துணையைக் கண்டுபிடிப்பவருக்கு 10,000 டாலர் பரிசு அறிவித்தும் பயனில்லை. வேறு தீவின் பெண் ஆமைகளை அதனுடன் வைத்தனர். பல ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் 2008இல் முட்டைகள் கிடைத்தன, பொரிக்கவில்லை. 2009இல் மீண்டும் கிடைத்தன, அவையும் பொரிக்கவில்லை. 2012 ஜூன் 24 அன்று ஜார்ஜ் இறந்தது. நாற்பதாண்டுகள் ஒரே உயிரைக் காத்தவர்களின் கையில் எஞ்சியது அந்த ஓடும் உடலும்தான்.

அதே ஆண்டு டிசம்பரில், பின்சோன் தீவில் ஹெலிகாப்டர் வழியாக எலிநஞ்சு தூவப்பட்டது. அங்கிருந்த பருந்துகளை முன்கூட்டியே பிடித்துப் பாதுகாத்தனர். எனினும் பின்னர் விடுவிக்கப்பட்டவற்றில் பல, நஞ்சேறிய பல்லிகளை உண்டு மடிந்தன. எலிகள் ஒழிந்தன. 2014 டிசம்பரில் தீவைச் சுற்றிவந்த ஆய்வாளர்கள், அடைகாக்கும் பெட்டியில் அன்றி அத்தீவின் மண்ணிலேயே பொரித்து உயிர்பிழைத்த பத்துக் குஞ்சுகளைக் கண்டனர். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அங்கே நிகழாதது அது. 1965இல் தொடங்கிய முயற்சிக்கு விடை கிடைக்க ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆயின.

மொழியியல் பயின்ற எனக்கு இந்த வரலாறு ஒரு விலங்கின் வரலாறாக மட்டும் படவில்லை. ஒரு மொழியின் உயிர்ப்பை அளக்க 2003இல் யுனெஸ்கோ வகுத்த அளவுகோல்களுள் முதலாவது, பேசுவோரின் எண்ணிக்கையன்று. மொழி ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்குச் சேர்கிறதா என்பது. பேசுவோர் பலர் இருக்க, குழந்தைகள் எவரும் பேசாத மொழி, 1960களின் பின்சோன் தீவைப் போன்றது. நியூசிலாந்தின் மாவோரி மக்கள் 1982இல் தொடங்கிய மழலையர் பள்ளிகளுக்குத் தம் மொழியில் இட்ட பெயரின் பொருள் ‘மொழிக்கூடு’ என்பதாகும். முட்டைகளைக் காக்கும் கூடு என்னும் உருவகத்தை அவர்கள் தற்செயலாகத் தேர்ந்திருக்க மாட்டார்கள்.

ஆயினும் உவமையை அளவுக்கு மீறி நீட்டலாகாது. ஆமைக்குத் தன் வாழ்வைக் குறித்து நாம் எடுக்கும் முடிவில் பங்கில்லை. மொழி பேசும் மக்களுக்குப் பங்குண்டு, முதற்பங்கும் அவர்களுடையதே. எனினும் இரண்டுக்கும் பொதுவான பாடம் ஒன்று உள்ளது. அடைகாக்கும் நிலையம் குஞ்சுகளைத் தந்தது. ஆனால் எலிகள் இருந்தவரை ஒவ்வொரு தலைமுறையையும் கையால் சுமந்தே கரைசேர்க்க வேண்டியிருந்தது. அகராதி தொகுத்தலும் ஒலிப்பதிவும் பள்ளி வகுப்பும் நமது நிலையங்கள். அவை தேவை, அவற்றில்லாமல் பின்சோன் காலத்தை வென்றிருக்காது. ஆனால் ஒரு தாய் தன் குழந்தையிடம் தன் மொழியில் பேசினால் அதன் எதிர்காலம் கெடும் என்று அவளை நம்பவைக்கும் சூழல் மாறாதவரை, நாம் வளர்ப்பவை எண்ணிட்ட குஞ்சுகளாகவே இருக்கும்.

களப்பணிக்குச் செல்லும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். எத்தனை பேர் பேசுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளும்போது, அங்கே மிக இளையவரின் வயதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பின்சோன் தீவில் அந்த ஒரு கேள்வி அரை நூற்றாண்டு முன்னதாகக் கேட்கப்பட்டிருந்தால், அந்த முதிய ஆமைகள் அவ்வளவு காலம் வீணாக முட்டையிட்டிருக்க வேண்டியதில்லை.