சூட்டிகை மின்தொகுப்பு

மின் உற்பத்தி, கடத்தல், பயன்பாடு ஆகியவற்றை உணர்கருவிகளாலும் கணினிகளாலும் இடைவிடாது அளந்து, தேவைக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் வலையமைப்பே சூட்டிகை மின்தொகுப்பு. பேச்சுவழக்கில் ஸ்மார்ட் கிரிட். மின்பற்றாக்குறையையும் பெரும் மின்தடையையும் இது தடுக்கும் என்பதில் உண்மை உண்டு. ஆனால், கருவி எச்சரிக்கும்போது சுமையைக் குறைப்பது யார் கடமை என்று உறுதியாகாத இடத்தில் அதனால் பயனில்லை.

இதற்கு இந்திய மின்தொகுப்பின் 2012 சரிவே சான்று. அவ்வாண்டு ஜூலை 30 அதிகாலை 2.33 மணிக்கு பினா–குவாலியர் 400 கிலோவோல்ட் மின்பாதை துண்டானது. அதில் பழுது ஏதுமில்லை. அண்டைப் பாதைகள் பல நிறுத்தப்பட்டிருந்த நேரத்தில் வட மாநிலங்கள் ஒதுக்கீட்டுக்கு மேல் மின்சாரத்தை இழுத்தன. மிதமிஞ்சிய சுமையைப் பழுதாகக் கணித்த பாதுகாப்பு ரிலே பாதையைத் துண்டித்தது. வடமண்டலம் முழுதும் சரிந்தது. மறுநாள் பகல் 1 மணியளவில் அதே பாதையில் தொடங்கிய சரிவு வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மண்டலங்களை ஒருசேர வீழ்த்தியது. அங்கு வாழ்ந்தவர்கள் 60 கோடிக்கும் மேல். அதிர்வெண் 50 ஹெர்ட்ஸிலிருந்து மிக இறங்கினால் சில ஃபீடர்களை, அதாவது பகிர்மானப் பாதைகளை, தானாக நிறுத்தி மற்றவற்றைக் காக்கும் ரிலேக்கள் வடக்கிலும் இருந்தன. அவை போதுமான சுமையை விடுவிக்கவில்லை என்று விசாரணைக் குழு கண்டது. நேர்மின்னோட்ட (டி.சி.) இணைப்புகளால் மட்டும் பிற மண்டலங்களோடு சேர்ந்திருந்த தென்மண்டலமோ, கிழக்கிலிருந்து வந்த மின்சாரத்தை இழந்தும், அதே வகை ரிலேக்கள் சுமையைக் குறைத்ததால் பிழைத்தது.

பின்னர் நாடெங்கும் துணைமின் நிலையங்களில் ஃபேசர் அளவீட்டுக் கருவிகள் பொருத்தப்பட்டன. ஸ்காடா எனும் பழைய தொலைக்கண்காணிப்பு முறை சில நொடிகளுக்கு ஒருமுறை தகவல் தரும். இவை நொடிக்கு 25 முறை, ஜி.பி.எஸ். நேரத்தோடு தருகின்றன. தொலைவிலுள்ள இரு ஊர்களின் மின்னழுத்த அலைகளுக்கிடையே கோணம் விரிவதைப் பார்த்தே, பாதை திணறுவதை அது துண்டாகும் முன் அறியலாம். இது பெரும் முன்னேற்றம். ஆயினும் எச்சரிக்கை வந்தபின் ஒரு மாநிலம் தன் ஃபீடர்களை நிறுத்த மறுத்தால், 2012இன் கதையை இன்னும் துல்லியமாகப் பதிவுசெய்வதே மிஞ்சும்.

பற்றாக்குறைக்கு வேறு வழி வேண்டும். ஸ்மார்ட் மீட்டரின் துணையோடு நேரத்துக்கேற்ற கட்டணம் விதிக்க 2023ஆம் ஆண்டின் மத்திய விதிகள் வகைசெய்தன: சூரிய மின்சாரம் கிடைக்கும் நேரத்தில் குறைவு, உச்ச நேரத்தில் கூடுதல். இது ஏழைகளைத் தண்டிக்கும் என்ற மறுப்பு நியாயமானது. மாலை 7 மணிக்கு ஒரு விளக்கும் ஒரு மின்விசிறியும் ஓடும் வீடு எதைத்தான் பகலுக்கு மாற்றும்? மாற்றிக்கொள்ள இயன்றவை குளிர்பதனக் கிடங்கு, குடிநீர் நீரேற்று நிலையம், மின்வாகன சார்ஜிங் போன்றவை. கட்டணமும் அங்கேயே அழுத்தமாக விழ வேண்டும்.

இணையத்தாக்குதல் பற்றிய அச்சமும் வீணன்று. 2015 டிசம்பர் 23 அன்று மேற்கு உக்ரைனின் ஒரு கட்டுப்பாட்டு அறையில், ஊழியர்கள் பார்த்திருக்கவே திரையில் சுட்டி தானாக நகர்ந்து மின்சுற்றுகளை ஒவ்வொன்றாகத் துண்டித்தது. அன்று ஏறத்தாழ 2.25 லட்சம் நுகர்வோர் மின்சாரம் இழந்தனர். பணியாளர்கள் துணைமின் நிலையங்களுக்கு நேரில் போய், கையால் சுவிட்சுகளை மீண்டும் இணைத்து, சில மணி நேரத்தில் மீட்டனர். எனவே தானியங்கி முறை எவ்வளவு வளர்ந்தாலும், கையால் இயக்கும் வசதியையும் அதில் பழகிய ஆட்களையும் ஒவ்வொரு நிலையத்திலும் வைத்திருப்பது அதன் வடிவமைப்பிலேயே சேர வேண்டும்.