ஆதகூர்க் கல்லும் காளி என்னும் வேட்டை நாயும்

பெங்களூரில் வாழும் நம்மவருள் பலர் கப்பன் பூங்காவின் ஓரமாகக் கஸ்தூரிபா சாலை வழியே அடிக்கடி சென்று வருகின்றனர். அச்சாலையில் செந்நிறக் கட்டடமாக நிற்கும் அரசு அருங்காட்சியகம் 1865-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அதன் கற்செல்வங்களுள் ஒன்று தமிழர் வரலாற்றோடு நெருங்கிய தொடர்புடையது. சோழ நாட்டின் பட்டத்து இளவரசன் ஒருவன் களத்தில் மாண்ட செய்தியை அது சொல்கிறது. ஆயினும் அக்கல் அவனுக்காக நடப்பட்டதன்று. அவனை வென்றவனுக்காக நடப்பட்டதும் அன்று. காளி என்னும் பெயருடைய ஒரு வேட்டை நாய்க்காக நடப்பட்டது.

கடற்கொள்ளையர் கதைகளிலும் படக்கதைகளிலும் தலைவனை விட்டு அகலாத விலங்கு வீரனைக் கண்டு நம் சிறுவர் மகிழ்கின்றனர். கற்பனையில் மட்டுமே அத்தகைய வீரர் உண்டென எண்ணுவார்க்கு இக்கல் நல்ல மறுமொழியாகும்.

கல் முதலில் நின்ற ஊர், இன்றைய மாண்டியா மாவட்டத்து மத்தூர் வட்டத்தைச் சேர்ந்த ஆதகூர். எழுத்தும் மொழியும் பழங்கன்னடம். காலம் சக ஆண்டு 872, அஃதாவது கி.பி. 949-950. மேற்பகுதியில் நாயும் காட்டுப் பன்றியும் ஒன்றையொன்று பற்றிப் பொரும் காட்சி புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளது.

கல் கூறும் செய்தி இது. இராட்டிரகூடப் பேரரசன் மூன்றாம் கிருஷ்ணன் தக்கோலத்தில் சோழனோடு பொருதான். அவன் தமக்கையை மணந்த கங்க மன்னன் இரண்டாம் பூதுகன் அவன் பக்கம் நின்றான். பூதுகனின் வீரருள் மணலேரன் என்பான் சோழர் படைக்கு எதிரே அஞ்சாது நின்று போரிட்டான். அவன் ஆண்மை கண்டு மகிழ்ந்த பூதுகன், "வேண்டுவது கேள்" என்றான். ஊர் கேட்டிருக்கலாம், பொன் கேட்டிருக்கலாம். மணலேரன் கேட்டது அரசனின் நாயை. காளியைத் தருக என்றான், பெற்றான்.

பின்னர்க் கெளலை நாட்டில், பெளதூருக்கு மேற்கேயுள்ள குன்றில், ஒரு பெரும் பன்றியின்மேல் காளியை ஏவினர். நாய் பன்றியைக் கொன்றது; பன்றி நாயைக் கொன்றது. இரண்டும் ஓரிடத்திலேயே வீழ்ந்தன. அந்நாய்க்காக ஆதகூர்ச் சல்லேசுவரர் கோயிலின் முன்னே கல் நட்டு, பெரிய ஏரியின் கீழ் இரண்டு கண்டுக நிலமும் விட்டனர். அந்நிலத்தை உண்பவர் கோயிலில் பூசை செய்யும் கொரவர். அவர் இக்கல்லுக்குப் பூசை செய்யாமல் உணவு கொள்வாராயின் நாய் செய்த பாவம் அவரைச் சேரும் என்பது கல்லின் ஆணை. நாய்க்கு நாள்தோறும் பூசை! அதற்கு மானியம்! அதனைக் கல்லில் வெட்டி வைத்தல்! பத்தாம் நூற்றாண்டு மக்கள் எதனைப் பெரிதாகக் கருதினர் என்பதை அறிய இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

நம் வரலாற்று நூல்களில் ஆதகூர்க் கல் பலமுறை பேசப்படுகிறது. ஆனால் தக்கோலப் போருக்குச் சான்று என்ற அளவிலேயே பேசப்படுகிறது. நாய் பெரும்பாலும் அடிக்குறிப்பில் படுத்துக் கிடக்கிறது. கல்லை நட்டவர்க்கோ நாயே பொருள், போர் அதன் முன்னுரை. இவ்வரிசையை மாற்றிப் படிப்பது நமக்கு உடன்பாடன்று.

எனினும் தமிழராகிய நாம் அம்முன்னுரையை எளிதில் கடந்து செல்ல இயலாது. தக்கோலம் இன்று இராணிப்பேட்டை மாவட்டத்தில், அரக்கோணத்திற்கு அருகே உள்ளது. முதற் பராந்தகனின் மகனாகிய இராசாதித்தன் திருமுனைப்பாடி நாட்டில் படையோடு தங்கி, வடக்கிலிருந்து வரும் பகையை எதிர்நோக்கியிருந்தவன். களத்தில் யானைமேல் இருந்தவாறே உயிர் நீத்ததால் 'ஆனைமேற்றுஞ்சினார்' எனப் பிற்காலத்தார் அவனைக் குறித்தனர். அவன் மாண்ட வகையில் இரு தரப்புச் சான்றுகளும் ஒத்துச் செல்லவில்லை. சோழரின் ஆனைமங்கலச் செப்பேடு, கிருஷ்ணனின் படையைக் கலங்கச் செய்த இராசாதித்தன் பகைவனின் கூரிய அம்பு மார்பில் தைத்து வீரசுவர்க்கம் புகுந்தான் என்கிறது. ஆதகூர்க் கல்லோ பூதுகன் குறுவாளால் குத்திக் கொன்றான் என்கிறது. அப்பகுதியைத் தொடக்கத்தில் படித்தோர் வஞ்சனையாற் கொன்றதாகப் பொருள் கொண்டனர். பின்னர் வந்த அறிஞர், யானையின் அம்பாரியையே போர்க்களமாகக் கொண்டு பொருதான் என்பதே சரியான பொருள் எனத் திருத்தினர். பழைய பொருளைப் பிடித்துக்கொண்டு இன்றும் சினம் கொள்வோர் நம்மிடையே உண்டு. தன் அரசனின் புகழைச் சொல்ல எழுந்த கல்லில் அவனது வஞ்சனையை அவன் வீரனே வெட்டி வைப்பானா என்று அவர்கள் எண்ணிப் பார்த்தல் நன்று.

இவ்வெற்றிக்காகப் பூதுகன் பெற்றவை பனவாசி பன்னீராயிரமும் பெள்வொலம் முந்நூறும் பிறவுமாகிய நாடுகள். தொண்டை மண்டலம் சில பத்தாண்டுகள் சோழர் கையை விட்டு நீங்கியது. பின்பு காலம் திரும்பியது. ஏறத்தாழ 1004-ஆம் ஆண்டில் சோழர் படை கங்கரின் தலைநகரான தலைக்காட்டைக் கைக்கொண்டது. அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கங்கவாடி சோழர் ஆட்சியில் இருந்தது. இன்றைய பெங்களூரைச் சுற்றியும் அக்காலத் தமிழ்க் கல்வெட்டுகள் தோன்றின. தம் இளவரசன் வீழ்ந்த செய்தியைத் தாங்கிய கல் தம் ஆட்சிக்குட்பட்ட ஊரிலேயே இருந்தும், அதன் எழுத்துகளை அவர்கள் சிதைக்கவில்லை. அதனாலன்றோ இன்று நாம் அதனைப் படிக்கிறோம்!

தக்கோலத்தில் நன்றி மறவாமைக்கு இன்னொரு சான்றும் உண்டு, அது மனிதனுடையது. இராசாதித்தனின் படைத்தலைவருள் ஒருவன் கேரள நாட்டான். தன் தலைவன் மாண்டபோது உடன் நின்று உயிர்விடும் பேறு வாய்க்காமற் போனமையால் அவன் உலகைத் துறந்தான். திருவொற்றியூரில் சதுரானன பண்டிதன் என்னும் பெயரோடு மடத்தின் தலைவனாக வாழ்ந்தான். அவன் வரலாற்றைக் கூறும் திருவொற்றியூர்க் கல்வெட்டும் மூன்றாம் கிருஷ்ணனின் ஆட்சியாண்டையே தாங்கி நிற்பது, 959 அளவில் அந்நாட்டின் நிலையைக் காட்டும். திருமுடியூர்க் கோயிலைக் கற்றளியாக்கிய வெள்ளங்குமரனே இவன் என்பர் ஆய்வாளர்.

நாய்க்குக் கல்லெடுத்தல் கன்னட நாட்டுக்கு மட்டுமே உரிய வழக்கோ என்னும் ஐயம் எழலாம். அன்று. காளிக்கு முந்நூறு ஆண்டுகட்கு முன்பே தமிழகத்தில் ஒரு நாய் கல்லேறியது. திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் வட்டாரத்தில் எடுத்தனூர் என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள நடுகல் பல்லவன் முதலாம் மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி எனலாம். எருமை நிரையைக் காத்து வீழ்ந்த கருந்தேவக்கத்தி என்னும் இளமகனின் கல் அது. வீரனின் உருவத்தோடு நாயின் உருவமும் அதில் உண்டு. நாய்க்கெனத் தனியே எழுத்துப் பொறிப்பும் உண்டு: அதன் பெயர் கோவிவன், கள்வர் இருவரைக் கடித்துத் தன் தலைவனைக் காத்து நின்றது. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் சண்டைச் சேவலுக்கும் இதனினும் பழைய கல் உண்டு. எனினும் சேவலின் சண்டை தன் சேரிக்காக நிகழ்ந்த விளையாட்டு, ஆதலின் அதனைக் கோவிவனோடு ஒரு தட்டில் வைக்க நாம் விரும்பவில்லை.

காளியையும் கோவிவனையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கையில் ஒரு வேறுபாடு புலப்படுகிறது. காளி அரசனின் நாய், பரிசாகக் கைமாறியது, வேட்டையில் ஏவப்பட்டுப் பன்றியோடு மடிந்தது. கோவிவன் எருமை மேய்த்தவனின் நாய். எவரும் ஏவினதாகக் கல் சொல்லவில்லை. காளி இறந்தது என்று ஆதகூர்க் கல் தெளிவாகக் கூறுகிறது. கோவிவன் இறந்ததாக எடுத்தனூர்க் கல் கூறவில்லை. தலைவன் வீழ்ந்து கிடக்க, அது காத்திருந்தது என்ற அளவோடு எழுத்து நின்றுவிடுகிறது.